பத்துப் பேர்ச்சஸ் மேட்டின் கணக்கு

ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச்சஸ் காணியொன்றை மூன்றடி உயர்த்த 8,167 கன அடி மண் வேண்டும். கொழும்பில் மண்ணைக் கன அடியில் யாரும் பேசுவதில்லை, கியூப்பில்தான் பேசுவார்கள். ஒரு கியூப் 100 கன அடி. ஆகவே ஏறத்தாழ 82 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் 28 தடவை வந்து போக வேண்டும். கொட்டிய கிரவல் இறுகி அமரும் என்பதால் மேலும் சில லோட் தேவைப்படும். இவ்வளவும் காணிக்காரரின் கொப்பியில் எழுதியிருக்கும்.

அந்த மண் பிடித்துக்கொண்ட இடத்தில் மழைக்காலத்தில் நின்றிருக்கக்கூடிய தண்ணீர் சுமார் 2,31,000 லீற்றர். இது யாருடைய கொப்பியிலும் ஏறாது. பக்கத்துக் காணிக்குப் போகும். அவரும் மண் கொட்டியிருந்தால் அதற்கடுத்த காணிக்கு. இப்படி நூறு காணிகள் உயர்ந்தால் பரப்பளவு ஆறேகால் ஏக்கர்தான். இடமிழக்கும் தண்ணீரோ 23,000 கன மீற்றருக்கு மேல்.

இப்போது மழையைக் கணக்கிடுவோம். 2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு கொழும்பில் கொட்டியது சுமார் 440 மில்லிமீற்றர். 1992 ஜூனில் ஒரே நாளில் பெய்தது இதையும் விட அதிகம். மாநகர சபை எல்லை 37.31 சதுர கிலோமீற்றர். 440 மில்லிமீற்றர் அதன் மேல் சீராகப் பெய்தால் 1.64 கோடி கன மீற்றர் தண்ணீர். நமது பத்துப் பேர்ச்சஸின் பங்கு 1,11,000 லீற்றர். காணியில் மூன்றில் இரண்டு பங்கைக் கூரை மூடியிருந்தால் பீலி வழியே மட்டும் 74,000 லீற்றர் தெருவுக்கு இறங்கும். 2010இல் தியவன்னா ஏரியின் நடுவே இருக்கும் நாடாளுமன்றத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அந்த வளாகமே சதுப்பைத் தோண்டி எழுப்பியது.

இந்தத் தண்ணீர் எங்கே போகும்? கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவருக்கும் வெள்ளவத்தைக்காரர் ஒருவருக்கும் வெள்ளத்தில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கால்வாய்களில் இருக்கிறது. கொழும்பு வடிநிலத்தின் நீர் வடக்கே களனி கங்கைக்கும், மேற்கே முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை வழியாகக் கடலுக்கும் வடிய வேண்டும். களனி பெருகினால் வடக்கு மதகை மூடுவார்கள், இல்லாவிட்டால் கங்கை நகருக்குள் திரும்பி வந்துவிடும். மூடிய அந்த நேரத்தில் முழுப் பாரமும் கடல் வாய்கள் மீது விழுகிறது. வெள்ளவத்தைக் கால்வாயை வெட்டுவித்தவர் 19ஆம் நூற்றாண்டில் மேற்கு மாகாண அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட். அன்றைக்கு அதை வீண்வேலை என்று ஊர் சிரித்தது. இன்று அது இல்லையென்றால் பாமன்கடையின் கதி என்னவாகும் என்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

கங்கையின் உயரத்தை அளக்கும் கோல் கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை, கிராண்ட்பாஸ் பக்கம் நாகலகம் வீதியில் நிற்கிறது. அங்கே 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 1947இல் 12 அடியைத் தாண்டியது. 1989இல் 9 அடி, 2016 மே மாதத்தில் 7 அடி தாண்டியது. இந்த மூன்று தடவைகளில் உயரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது; ஆனால் 2016இல் கொலன்னாவைப் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதைச் சின்ன வெள்ளம் என்று சொல்லமாட்டார்கள். கோலில் ஏறும் அடிக்கணக்கைப் போலவே, தண்ணீர் முன்பு நின்ற இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்பதும் சேதத்தைத் தீர்மானிக்கிறது.

அனுமதி விதிகளுக்கு வருவோம். கொழும்பில் வீடு கட்டுபவர் ஒரு சட்டத்துக்கு அல்ல, காணி இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பலவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீதிக் கோடும் கட்டடக் கோடும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருபவை. களனிக் கரையின் வெள்ளப் பிரதேசங்களுக்கு 1924இன் 4ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பொறுப்பு நீர்ப்பாசனத் திணைக்களம். தாழ்நிலம் நிரப்புவதற்கு 1968இன் 15ஆம் இலக்கச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும், பொறுப்பு காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்துக்கு 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். கடலோரத்துக்கு 1981இன் 57ஆம் இலக்கச் சட்டம். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம் என்பதால் வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கும்.

திட்டமிடல் ஒழுங்குவிதிகள் 1986இல் வந்தன. ஒரு துண்டுக் காணிக்குக் குறைந்தபட்சம் 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸ் என்ற அளவு அப்போதிருந்து நாக்கில் பழகிவிட்டது. 2021இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கான 2007இன் 36ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மழைநீர்ச் சேகரிப்பையும் அனுமதியோடு கட்டியது. மேலே சொன்ன 74,000 லீற்றரில் ஒரு பங்கைத் தொட்டியில் பிடித்தால் வாய்க்காலுக்கு அவ்வளவு மிச்சம். பெருமழையின் முதல் மணி நேரத்தில் தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தால் பயனில்லை என்பது வேறு கதை.

என் குறை சட்டம் போதாது என்பதல்ல. இவை எல்லாம் காணிவாரியாகப் பேசுகின்றன. இந்த எல்லைக்கல்லிலிருந்து அந்த எல்லைக்கல் வரை எவ்வளவு கூரை, எவ்வளவு உயரம், கால்வாய் ஒதுக்கு விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கின்றன. நூறாவது விண்ணப்பக்காரர் தன் 82 கியூப்புக்கு மட்டுமே பதில் சொல்கிறார், முந்திய 99 பேரின் மண்ணுக்கு அல்ல. அவருக்கு அது நியாயம்தான். வாய்க்காலுக்கு நியாயமில்லை.

கூட்டுத்தொகையைக் கடைசியில் அரசாங்கம் கடனாகக் கட்டுகிறது. 2010 வெள்ளத்துக்குப் பின் 2012இல் ஒப்புதலான கொழும்பு மாநகரப் பெருந்திட்டத்தின் மதிப்பு 32.1 கோடி டொலர். அதில் 21.3 கோடி உலக வங்கிக் கடன். கால்வாய் அகலித்தல், நீரேற்று நிலையம், முகத்துவாரத்தில் புதிய சுரங்கம் என்று செலவு போனது. அதே வேளை இலவசமாக வேலை செய்துகொண்டிருந்தவை சதுப்பு நிலங்கள். மாநகரப் பகுதியில் எஞ்சியிருப்பது சுமார் 20 சதுர கிலோமீற்றர். மூன்று பத்தாண்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விட்டது. பெருவெள்ள நீரில் 39 சதவீதத்தை இவை தாங்கக்கூடும், முற்றாக இழந்தால் ஆண்டுக்கு நகரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம் நட்டமாகும் என்பது திட்டத்தையொட்டி வந்த மதிப்பீடு. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகர அங்கீகாரம் கிடைத்தது. பெருமைதான், ஆனால் சான்றிதழ் தண்ணீர் குடிக்காது.

கணக்கின் இன்னொரு பக்கத்தில் அனுமதியே கேட்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசலான குடியிருப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் 68,812 குடும்பங்கள் இருந்தன என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் எண். அவர்களில் மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டவர்களிடம் முதலில் 50,000 ரூபாவும் பிறகு மாதம் 3,960 ரூபாவும் கேட்கப்பட்டது. இருபது ஆண்டில் அது பத்து லட்சத்தைத் தொடும். வீட்டின் அளவு 400 சதுர அடி முதல். நிரப்பிய சதுப்பில் அனுமதியோடு எழுந்த மாளிகைக்காரருக்கு இப்படி ஒரு தவணை அட்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது களனிக் கரை மறுபடியும் மூழ்கியது. நாடு முழுவதும் நேரடிச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என மதிப்பிட்டது. வீட்டைக் கழுவித் துடைக்க அரசாங்கம் அறிவித்த கொடுப்பனவு 25,000 ரூபா.

வெள்ளவத்தையில் பிளட் வாங்க அட்வான்ஸ் கொடுக்கப்போகிறவர்களுக்கு, குறிப்பாக லண்டனிலோ டொரொன்ரோவிலோ இருந்து போனில் பேசி முடிப்பவர்களுக்கு, ஒரு சிறு வேலை. அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால் போதாது, கட்டி முடித்த பின் தரும் இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். கரையோர வலயத்துக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் கேளுங்கள். பிறகு ஊரில் இருக்கும் மச்சான் ஒருவரை அளவு நாடாவோடு அனுப்பி வையுங்கள். தெருவுக்குத் தார் மேல் தார் போட்டு வாசற்படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்துபோன ஒழுங்கைகள் அங்கே உண்டு. வாகனத் தரிப்பிடத்தின் தரை தெருவை விட மேலா கீழா, ஜெனரேற்றரும் மின்பலகையும் தரையிலிருந்து எத்தனை அடி என்று அளக்கச் சொல்லுங்கள். நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது தரையோடு தரையாக இருந்தால், தரிப்பிடத்தில் ஓரங்குலம் தண்ணீர் ஏறினாலும் எட்டாம் மாடிக்காரரின் குழாயில் வடிகால் நீர்தான் வரும்.