லாரி ஷெட்டில் கற்ற பாடம்... டிராக்டரையும் காப்பாற்றும்!

உப்புக் காற்றையும் தேரி மணலையும் வெள்ளத்தையும் பார்த்த மெக்கானிக்குகளின் அனுபவம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முக்காணியில் தாமிரபரணியைக் கடந்தால், ஆத்தூர் பக்கம் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் பச்சையாக விரிந்து கிடக்கும். அடுத்த சில கிலோமீட்டரில் ஆறுமுகநேரி உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசும். அதைத் தாண்டினால் காயல்பட்டினம், கடல். உப்பானாலும் வாழைத்தாரானாலும் வெற்றிலையானாலும் வெளியூர்ச் சந்தைக்குப் போவது பெரும்பாலும் லாரியில்தான்.

வாழைத்தார் ஏற்றிய லாரி நடுவழியில் ஒரு ராத்திரி நின்றுவிட்டால், சூட்டில் காய் பழுக்கத் தொடங்கிவிடும். மறுநாள் சந்தையில் கேட்ட விலைக்குத்தான் தள்ள வேண்டும். வெற்றிலைக் கட்டு வாடினால் அந்த விலையும் கிடையாது. அதனால் இந்த வட்டாரத்தில் லாரி மெக்கானிக்கின் கைராசி, விவசாயியின் வருமானத்தோடு சேர்ந்தே இருந்துவந்திருக்கிறது. கம்பெனி லாரிகளோடு காலம் கழித்த மூத்த மெக்கானிக்குகளின் நினைவில் தங்கியிருக்கும் பாடங்கள், இன்று டிராக்டரும் டீசல் பம்ப்செட்டும் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அப்படியே பொருந்துகின்றன.

வண்டி நின்ற பிறகு பார்ப்பதா, ஓடும்போதே பார்ப்பதா?

தென்மாவட்டங்களில் மோட்டார் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அது டி.வி.எஸ்.தான். திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் அது. பஸ், பிறகு சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் லாரிப் போக்குவரத்து, உதிரிபாகம் என்று வளர்ந்தது. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் டயரைக் கிழிக்காமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பதும் அந்தக் காலத்துப் பேச்சு. 1972-ல் பஸ் வழித்தடங்கள் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போன பிறகும், அந்த ஷெட்டுகளில் தொழில் பழகியவர்களுக்கு ஊர் ஊராக மரியாதை இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகளைக் கரி வாயுவில் ஓட்டும் சாதனத்தையும் டி.வி.எஸ். செய்து விற்றது. உயரமான டிரம்மில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவைக் குளிரவைத்து, சாம்பல் வடிகட்டி எஞ்சினுக்குள் விடுவார்கள். வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் வண்டி மேடு ஏறாது. சரியாக வடிகட்டாமல் விட்டால் சாம்பல் எஞ்சினுக்குள் புகுந்து அரித்துவிடும். 'எஞ்சினுக்குள் போகும் காற்று சுத்தமாக இருக்கணும்' என்ற பாடத்தைப் பட்டறைகளுக்கு அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தது இந்தக் கரி கேஸ் காலம்.

நல்ல கம்பெனி ஷெட்டுகளின் ரகசியம் பெரியதாக எதுவும் இல்லை. வண்டி நின்ற பிறகு பழுது பார்ப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்த கிலோமீட்டரில் ஆயில், ஃபில்டர், கிரீஸ், பிரேக் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது. அவ்வளவுதான்.

லாரியும் டிராக்டரும் ஒரே குடும்பம்

1950-களில் இந்தியச் சாலைகளில் டீசல் லாரிகள் பெருகின. ஜாம்ஷெட்பூரிலிருந்து 1954 முதல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் வந்தது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்து அந்த நட்சத்திரச் சின்னம் போன பிறகும் 'பென்ஸ் வண்டி' என்ற பெயர் மட்டும் போகவில்லை. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் பெர்கின்ஸ் எஞ்சின் ஓடியது. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி அந்த பெர்கின்ஸ் எஞ்சினைத் தயாரித்தது. அதே சிம்சன் எஞ்சின்தான் பிறகு டாஃபே டிராக்டர்களிலும் வந்தது. லாரியில் கை பழகிய மெக்கானிக் டிராக்டரைத் தயங்காமல் பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். லைனர், பிஸ்டன் ரிங், நாசில், டீசல் பம்ப்... எல்லாம் பழகிய சாமான்தான்.

1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தச் சாலைகளில் லோடும் கூடியது, பட்டறைகளும் கூடின.

உப்பு: கண்ணுக்குத் தெரியாத அரம்

உப்பு லாரியில் எஞ்சினைவிட உடம்புதான் முதலில் போகும். சேஸ், கமான் பட்டை, யூ போல்ட், பிரேக் பைப், பேட்டரி வயர் முனை என்று ஒவ்வொன்றாகத் துரு தின்றுவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் கை வைத்தால் பொரி பொரியாக உதிரும். உப்பு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவி, காயவிட்டு, மெல்லியதாக எண்ணெய் தடவுவது இந்தக் கடற்கரையில் பழைய வழக்கம். ரப்பர் குழாயிலும் பிரேக்கிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

உப்பளமே இல்லாத ஊர் விவசாயிக்கும் இது பொருந்தும். யூரியா, பொட்டாஷ் போன்ற உரங்கள் இரும்பை அரிப்பதில் உப்புக்குச் சளைத்தவை அல்ல. உரமூட்டை ஏற்றிய டிரெய்லரையும், உரம் தூவும் கருவியையும், மருந்து தெளிப்பானையும் அன்றைக்கே கழுவாமல் நிறுத்தினால், ஈரக் காற்றுப் பட்டதும் துரு ஏறும். டிரெய்லர் கொக்கியும் அதன் பின்னும் துருப்பிடித்து மெலிந்தால், செலவோடு நிற்காது. லோடோடு டிரெய்லர் கழன்று ஓடும் ஆபத்து இருக்கிறது.

தூசி: எஞ்சினின் ஆயுளைக் குறைப்பது

காயல்பட்டினத்துக்குத் தெற்கே காயாமொழி, உடன்குடி பக்கம் செம்மணல் தேரி. ஆடிக் காற்றில் அந்த மணல் சாலைக்கே வந்துவிடும். பழைய லாரிகளிலும் பல டிராக்டர்களிலும் இருப்பது ஆயில் போட்ட ஏர் கிளீனர். உள்ளே வரும் காற்று கிண்ணத்து ஆயிலில் மோதும்போது தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் சேறாகிவிட்டால் தூசியைப் பிடிக்க வழியில்லை. அது நேரே லைனரில் போய் உரசும். ரிங் தேயும், கம்ப்ரஷன் குறையும், ஆயில் குடிக்கும், புகை கக்கும். சில நூறு ரூபாய் வேலையை விட்டதால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டிவரும்.

ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் கதிரடிக்கும்போதும் எழும் புழுதி தேரி மணலுக்குக் குறைந்ததில்லை. அந்த நாள்களில் மேனுவலில் சொன்ன இடைவெளி வரை காத்திருக்காமல், தினமும் கிண்ணத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றவும் கூடாது. ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை இழுத்துக் கட்டுக்கடங்காமல் வேகம் பிடிக்கும். காகித ஃபில்டராக இருந்தால் தண்ணீரில் கழுவக் கூடாது. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே ஓட்டை விழுந்தால் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை.

புகையும் சத்தமும் சொல்லும் சேதி

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மெக்கானிக்கின் கருவி கண்ணும் காதும்தான். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, எந்த சிலிண்டரில் தட்டல் என்று கண்டுபிடிப்பார்கள். புகையின் நிறமும் பேசும்.

- கறுப்புப் புகை: டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, அளவுக்கு மீறிய லோடு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். முதலில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும்.
- நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம்.
- வெள்ளைப் புகை: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வருவது சாதாரணம். சூடான பிறகும் நிற்காவிட்டால் எரியாத டீசல் அல்லது சிலிண்டருக்குள் கசியும் தண்ணீர். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். காமன் ரெயில் வகைப் புது எஞ்சின்களில் அதைச் செய்யவே கூடாது. அங்கே டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டீசல் பேரலில் கடைசிச் சொட்டு வேண்டாம்

டீசல் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்குதான். துளி மண்ணோ தண்ணீரோ போனாலும் கீறல் விழும். வீட்டில் பேரலில் டீசல் வைத்திருப்பவர்கள், அதை அசைக்காமல் தெளியவிட்டு, அடிமட்டத்துக்கு மேலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். வேலை முடிந்து சாயங்காலமே டேங்கை நிரப்பிவிட்டால், ராத்திரிக் குளிரில் டேங்குக்குள் நீர் கோத்துக்கொள்வது குறையும். ஃபில்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் காலையில் திறந்து தண்ணீரை வடித்துவிடலாம்.

பிரேக்: இதில் நாளை என்பது கிடையாது

காற்று பிரேக் உள்ள லாரியில் தினமும் காற்று டேங்கின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பது கிளீனரின் முதல் வேலை. தண்ணீர் தங்கினால் வால்வு துருப்பிடித்து, மிதிக்கும்போது பிரேக் பிடிக்காமல் போகும். மேட்டில் வண்டி நின்றால், டயருக்குக் கட்டை வைத்த பிறகுதான் யாரும் வண்டிக்கு அடியில் போவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே படுக்கும் பழக்கத்தைப் பட்டறைப் பெரியவர்கள் மன்னிப்பதில்லை.

டிராக்டரில் இதைவிடக் கவனம் வேண்டும். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இடது, வலது பிரேக் மிதிகளை, சாலைக்கு ஏறுமுன் சேர்த்துப் பூட்ட வேண்டும். மறந்து ஒரு பக்கம் மட்டும் மிதித்தால், வேகத்தில் டிராக்டர் சுழன்று கவிழும். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் இல்லாததால், லோடின் முழு எடையும் டிராக்டரைத் தள்ளும். கரும்போ வாழையோ ஏற்றி ராத்திரியில் போகும்போது, பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டையும் எரியும் விளக்கும் இருப்பது பின்னால் வருபவர் உயிரையும் காக்கும்.

வெள்ளம் சொன்ன கடைசிப் பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் வாழையும் நெல்லும் மூழ்கின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயிலே நின்றுபோனது. லாரி, டிராக்டர், பம்ப்செட் எல்லாம் தண்ணீருக்குள்.

இப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். பெரும் சேதம் அங்கேதான் நடக்கிறது. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் ஒரு சுற்றுச் சுற்றினாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழுவித் துடைத்து ஓட்டியிருக்க வேண்டிய எஞ்சின் அதோடு முடிந்தது.

செய்ய வேண்டிய முறை இது:

1. சாவியைத் தொடாமல் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்ற அடையாளத்தோடு போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு இழப்பீடு வாங்குவது சிக்கலாகலாம்.
2. கடல் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ புகுந்திருந்தால், முதலில் நல்ல தண்ணீரில் வெளிப்பாகத்தைக் கழுவ வேண்டும்.
3. மெக்கானிக்கைக் கொண்டு நாசில்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.
4. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் ஆயில்களை வடிக்க வேண்டும். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.
5. டீசல் டேங்கைக் காலி செய்து, ஆயில், டீசல், ஏர் ஃபில்டர்களை மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துக் காயவைக்க வேண்டும்.
6. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அந்த ஆயிலையும் வடித்து மறுபடி மாற்ற வேண்டும்.

மின் மோட்டார் மூழ்கியிருந்தால் எலக்ட்ரீஷியன் இன்சுலேஷனைச் சோதித்துச் சொல்லும் வரை சுவிட்ச் பக்கமே போகக் கூடாது. அதில் மோட்டாரோடு உயிரும் சேர்ந்தே இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பெரிய ஷெட்டில் இருந்த ஃபோர்மேனும் உதிரிபாக ஸ்டோரும் சிறு விவசாயியிடம் கிடையாது. ஆனால், ஷெட்டில் தொங்கிய நோட்டை யாரும் வைத்துக்கொள்ளலாம். தேதி, டிராக்டர் மீட்டர் காட்டும் மணிநேரம், ஊற்றிய டீசல், ஆயில் மாற்றிய நாள், ஃபில்டர் மாற்றிய நாள், செய்த பழுது, கொடுத்த பணம் ஆகிய ஏழு கட்டங்கள் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதிவிடும். வழக்கத்தைவிட டீசல் கூடுதலாகக் குடிக்கிறதா, ஆயில் எப்போது மாற்ற வேண்டும், போன முறை எந்த பேரிங் போனது என்பதெல்லாம் அதைப் புரட்டினாலே தெரிந்துவிடும். வண்டியை விற்கும்போதும் அந்த நோட்டு நல்ல விலை வாங்கித் தரும்.

நடவுக்கும் அறுவடைக்கும் முந்தைய வாரத்தில், வேலையில்லாத ஒரு நாளை வண்டிக்கென்று ஒதுக்கினால், சேற்றுக்கு நடுவில் டிராக்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஊர் ஊராக அலையும் வேலை குறையும்.