சர்க்கரை தரும் கரியமில வாயு

காற்றில் கார்பன் டைஆக்சைடு என்னும் கரியமில வாயு மிகக் குறைந்த அளவிலேயே இருந்தபோதும், இலையருகே செலவழிந்ததைக் காற்றோட்டம் உடனுக்குடன் ஈடுசெய்துவிடுவதால் நிலத்தாவரங்கள் பெரிதாகத் தட்டுப்பாட்டை உணர்வதில்லை. நீரிலோ இவ்வாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். குளங்களில் அடிச்சேறு மட்கும்போது வெளிப்படும் வாயு இக்குறையை ஓரளவு தீர்க்கிறது; ஆனால் கழுவிய சரளை பரப்பிய வீட்டு மீன் தொட்டியில், காற்றோடு சமநிலை அடைந்த நீர் லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம் வாயுவையே தாங்கி நிற்க, செடி வளர்ப்போர் நாடும் அளவோ 20 முதல் 30 மில்லிகிராம் வரை உள்ளது.

அழுத்த உருளையும் அதற்குரிய கருவிகளும் விலை கூடியவை என்பதால், குறைந்த செலவில் வளர்ப்போர் ஈஸ்டையே நம்புகின்றனர். சர்க்கரைக் கரைசலை ஈஸ்ட் நொதிக்கச் செய்து எத்தனாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. கணக்குப்படி, 200 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 100 கிராமுக்குச் சற்று மேற்பட்ட வாயு கிடைக்கும். கலனாகக் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலே ஏற்றது; குழாய் அடைபட்டு அழுத்தம் மிகுந்தால் கண்ணாடிப் புட்டி வெடித்துச் சிதறக்கூடும். தொட்டி நீர் பாட்டிலுக்குள் திரும்பி இறங்காதிருக்கக் குழாயின் இடையே ஒருவழி வால்வு பொருத்தப்படுகிறது. வெப்பம் கூடக் கூட நொதித்தல் விரைவதால், கோடையில் தொடக்க நாட்களில் வாயு பெருகி, பின்னர் வெகுவிரைவில் ஓய்ந்துவிடுகிறது. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் தனித்தனிப் பாட்டில்களில் இருந்து வினைபுரியும் அமைப்பில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு; ஊசி வால்வு கொண்டு ஓட்டத்தையும் அளவாக்கலாம்.

எனினும் வாயுவை உண்டாக்குவதைவிட அதைக் கரைப்பதே கடினமான பகுதி. குழாய் முனையிலிருந்து எழும் பெரிய குமிழிகள் மேற்பரப்பை எட்டி உடைந்து, வாயுவின் பெரும்பகுதியைக் காற்றுக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. குழாயை வடிகட்டியின் உறிஞ்சு வாயில் செருகினால், பம்பின் சுழலி குமிழிகளை நுணுக்கி நீரோடு கலந்துவிடும். தனிக் கருவி எதுவும் தேவையில்லாத இவ்வழியே சிக்கனத்தில் முதன்மையானது எனலாம். நீர்ப்பரப்பை மிகுதியாகக் கலக்கும் காற்றுக்கல்லோ, கரைந்ததையும் வெளியேற்றிவிடும்.

விளக்கு மங்கலாக இருப்பின் இவ்வளவு ஏற்பாடும் வீண், ஏனெனில் அப்போது வளர்ச்சியைத் தடுப்பது வாயுக்குறை அன்று, ஒளிக்குறையே. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் வென்ட்டி போன்ற செடிகள் மெல்லொளியில், வாயு எதுவும் சேர்க்கப்படாமலே மெதுவாகத் தழைக்கக்கூடியவை.

இரவில் செடிகளும் சுவாசித்துக் கரியமில வாயுவையே வெளியிடுவதால், நிறுத்த இயலாத ஈஸ்ட் அமைப்பில் காலை நேரமே மீன்களுக்கு ஆபத்தானது. கடினத்தன்மை அறியப்பட்ட கரைசலில் புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டியைக் கலந்து, சிறு குமிழ்க்குடுவையில் தொட்டிக்குள் தொங்கவிட்டால், வாயு குறைந்தால் நீலமும், போதுமானால் பச்சையும், மிகுந்தால் மஞ்சளும் தோன்றும். இந்நிறமாற்றத்துக்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்குமாதலால், மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து தவிக்கும்போது நிறத்துக்காகக் காத்திராமல் குழாயைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கல்லை இயக்க வேண்டும்.