காலின்மேல் காக்கும் முட்டை

பறவை என்றதும் பறப்பதையே நாம் நினைக்கின்றோம். பெங்குவினோ பறக்க அறியாத பறவை. சிறகிருக்க வேண்டிய இடத்தில் அதற்குத் துடுப்புகள் அமைந்துள்ளன. அவற்றை வீசி நீருள் விரையும் அழகைக் கண்டால், அதுவும் ஒரு பறத்தலே என்று சொல்லத் தோன்றும். பெங்குவின்கள் எல்லாம் பனிப் பிரதேசத்திலேயே வாழ்வன என்று எண்ணுதல் தவறு. பூமத்திய ரேகையை அடுத்த கலாபகோஸ் தீவுகளிலும் ஓர் இனம் உண்டு. வெண்கரடி பெங்குவினைத் துரத்துவதாகச் சித்திரம் வரைவோரும் உளர். கரடி வடதுருவத்தது, பெங்குவின் தென்பாதிக்கு உரியது. கரடிக்கு அந்தப் பாக்கியம் என்றும் கிட்டியதில்லை!

இவற்றுள் மிகப் பெரியது சக்கரவர்த்திப் பெங்குவின். உயரம் ஏறத்தாழ நான்கு அடி. நிறை 40 கிலோகிராமையும் எட்டும். இரை தேடி 500 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு மூழ்க வல்லது. ஆயினும் நம்மை வியக்கவைப்பது அதன் பிள்ளை வளர்ப்பே.

அந்தாட்டிக்காவின் கொடிய மாரியில், மே, யூன் மாதங்களில், கடல்மேல் உறைந்த பனித்தளத்தில் தாய்ப்பறவை ஒரேயொரு முட்டை இடுகின்றது. கூடு கட்டக் குச்சியுமில்லை, கல்லுமில்லை. மெலிந்த தாய் முட்டையைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, இரை தேடிக் கடலுக்குச் செல்கின்றது. தந்தை அதனைத் தன் பாதங்களின் மேலேற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, ஏறக்குறைய 65 நாள் நிற்கின்றது. முட்டை சிறிது நேரம் பனியிற் பட்டாலும் கரு உறைந்துவிடும். கடலை விட்டு வந்த நாள்முதற் கணக்கிட்டால் தந்தையின் உபவாசம் நான்கு மாதம்வரை நீள்வதுண்டு. உடல் நிறையிற் பாதியளவு குறைந்துபோவதும் உண்டு.

குளிரோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸையும் தாண்டும். தந்தையர் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நெருங்கி நின்று ஒருவரையொருவர் காக்கின்றனர். கூட்டத்தின் நடுவே வெப்பம் 37 பாகையளவுக்கு உயர்ந்ததை ஆய்வாளர் அளந்துள்ளனர். எல்லாரும் சிறுசிறு அடி எடுத்து நகர்ந்துகொண்டேயிருப்பதால், ஓரத்தில் நின்றவருக்கும் உள்ளே இடம் கிடைக்கின்றது. தாய் திரும்புமுன் குஞ்சு பொரித்துவிட்டால், பட்டினி கிடந்த தந்தையே தன் தொண்டையில் ஊறும் பால்போன்ற சத்தை ஊட்டுகின்றது. திரும்பிவரும் தாய், அத்தனை ஆயிரத்திடையே தன் துணையைக் குரலால் இனங்கண்டுகொள்ளும்.

இம்முட்டைக்காக மனிதரும் உயிரைப் பணயம் வைத்தனர். 1911 யூனில், கப்டன் ஸ்கொட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் ஆகிய மூவர், நள்ளிருட் பருவத்தில் குரோசியர் முனையை நோக்கிச் சறுக்குவண்டி இழுத்துச் சென்றனர். ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவை அக்கரு காட்டும் என்பது அக்கால நம்பிக்கை. கூடாரத்தைப் புயல் பறித்தது. எடுத்த ஐந்து முட்டைகளுள் மூன்றே தப்பின. மறு ஆண்டிலே வில்சனும் பவர்ஸும் ஸ்கொட்டுடன் மாண்டனர். எஞ்சிய செரி-கரார்ட் அவற்றை இலண்டன் நூதனசாலையில் ஒப்படைத்தார். எதிர்பார்த்த விடையோ அவற்றிற் கிடைக்கவில்லை.

மாரியில் முட்டையிடுவதற்குக் காரணம் உண்டு: இரை மலிந்த கோடையில் குஞ்சு தானே கடலில் இறங்கவேண்டும். நீர் புகாத இறகு முளைக்கும்வரை காலடிப் பனி உடையாதிருத்தல் அவசியம். இன்று உலகம் வெப்பமடைவதால் அந்தப் பனிதான் நம்பத்தகாததாகி வருகின்றது. 2016 இல் ஹலி விரிகுடாவில் பனி முன்கூட்டியே உடைந்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அழிந்தன. 2022 இல் பெலிங்ஸ்ஹவுசன் கடலோரத்து ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை என்றே கருதப்படுகின்றது. இவற்றையெல்லாம் ஆய்வாளர் அறிந்தது விண்ணிலிருந்து; வெண்பனியில் எச்சம் இட்ட பழுப்புக் கறையைச் செய்மதிப் படங்களிற் கண்டு. ஹலியை இழந்த பறவைகளுட் பல, அயலிலுள்ள டோசன்-லாம்ப்டன் குடியிருப்புக்குப் பெயர்ந்தன என்பதையும் அக்கறையே காட்டிற்று.