உங்க காருக்குள்ள எத்தனை குதிரை?

டர்போ கார், கொஞ்சம் காசு, நிறைய ஆசை... டியூனிங் பண்றதுக்கு முன்னாடி அளக்கக் கத்துக்கலாம் வாங்க!

காலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் குன்றத்தூரில் நின்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். உள்ளே ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸ், டிப்ளமா டிரெய்னி, பி.இ. மெக்கானிக்கல் என்று ஒரு இளைஞர் பட்டாளமே அரைத் தூக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். யாரோ வாங்கப்போகும் காருக்குப் பகல் முழுக்க போல்ட் முடுக்கும் இந்தப் பசங்க, சாயங்காலம் டீக்கடையில் கூடினால் பேச்சு இப்படித்தான் ஓடும்.

''மச்சி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் டஸ்டர் வருது. வாங்கி ரீமேப் போட்டா 130 குதிரை வரும்டா!''

''சரி... யாரு அளந்தது?''

அவ்வளவுதான், டீ கிளாஸை வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆனால், டியூனிங்கில் இருக்கும் ஒரே உருப்படியான கேள்வி அதுதான். அளக்காத பவர், எண்ணாத காசு மாதிரி. பையில் இருக்கிற மாதிரியே தோன்றும்; கடையில்தான் குட்டு வெளிப்படும்!

குதிரைக்குக் கணக்கு உண்டு

குன்றத்தூர் முருகன் கோயில் மலையில் 75 கிலோ எடையுள்ள ஒருத்தர், நொடிக்கு ஒரு மீட்டர் உயரம் என்ற வேகத்தில் ஏறினால், அவர் அந்த நேரத்தில் ஒரு குதிரை! அதாவது ஒரு பி.எஸ். இதை கிலோவாட்டில் சொன்னால் 0.7355. கார் விளம்பரத்தில் வரும் பி.எஸ். இதுதான். பி.ஹெச்.பி. இதைவிடத் துளி பெரிய அளவு. நூறு பி.எஸ். என்பது சுமார் 98.6 பி.ஹெச்.பி.

கூடவே வருவது டார்க், அதாவது முறுக்குவிசை. ஸ்பேனரைப் பிடித்துத் திருகும் பலம் டார்க் என்றால், அதே பலத்தோடு எவ்வளவு வேகமாகத் திருகுகிறீர்கள் என்பதுதான் பவர். ஃபார்முலா சிம்பிள். டார்க்கை (நியூட்டன் மீட்டரில்) ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பி.எஸ். வந்துவிடும். இதை மொபைலில் சேவ் பண்ணி வச்சுக்கோங்க. பாதிப் புருடாவை இதை வைத்தே பிடித்துவிடலாம்.

நம்ம ஏரியா சொல்லும் பாடம்

டர்போ என்பது புது சமாச்சாரம் இல்லை. சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே பேடன்ட் வாங்கிவிட்டார். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையை வைத்து ஒரு சின்ன டர்பைனைச் சுற்றவிட்டு, அதே தண்டில் இருக்கும் கம்ப்ரஸர் மூலம் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவதுதான் விஷயம். காற்று அதிகம் போனால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம், பவர் கூடும். டர்போ இல்லாத இன்ஜின் தானாக எவ்வளவு காற்றை இழுக்குமோ அவ்வளவுதான். டர்போவில், காற்றை எவ்வளவு அழுத்தத்தில் அனுப்புவது என்று ஈ.சி.யூ. என்ற குட்டி கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். அதனால்தான் டர்போ கார் என்றதும் லேப்டாப்போடு வந்துவிடுகிறார்கள்.

சரி, வெறும் லேப்டாப்பால் எவ்வளவு முடியும்? பதில் ஒரகடத்திலேயே இருக்கிறது.

2010-ல் திறக்கப்பட்ட ரெனோ-நிஸான் தொழிற்சாலையில் இருந்து 1,461 சி.சி. டீசல் இன்ஜின் பல கார்களில் வந்தது. நிஸான் மைக்ராவில் 64 பி.எஸ்., 2012-ல் வந்த டஸ்டரில் 85 பி.எஸ். மற்றும் 110 பி.எஸ். என்று இரண்டு வகை. 'ஆஹா, ஒரே இன்ஜின்தானே! 85-ஐ வாங்கி சாஃப்ட்வேரைத் தட்டினால் 110 வந்துடுமே' என்று தோன்றும். அங்கேதான் ட்விஸ்ட்! 110-ல் இருந்தது இறக்கைகளின் கோணம் மாறும் வேறு டர்போ. கியர்பாக்ஸும் வேறு. 85-க்கு ஐந்து கியர், 110-க்கு ஆறு. டார்க்கும் 200-ல் இருந்து 248 நியூட்டன் மீட்டர் ஆனது. 25 குதிரையைக் கூட்ட ஒரு பெரிய கம்பெனியே இத்தனையை மாற்றியிருக்கிறது என்றால், அரை மணி நேரத்தில் அதே 25-ஐத் தருகிறேன் என்பவரிடம் நாலு கேள்வி கேட்கத்தானே வேண்டும்?

இருங்காட்டுக்கோட்டை இன்னொரு பாடம் சொல்லும். ஹூண்டாயின் 998 சி.சி. டர்போ பெட்ரோல் இன்ஜின், 2019-ல் வென்யூவில் 120 பி.எஸ். பவரோடு வந்தது. 2020-ல் கிராண்ட் ஐ10 நியாஸ் டர்போவில் வந்தபோது 100 பி.எஸ். தான். ஆனால், இரண்டிலும் டார்க் அதே 172 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,500-ல் இருந்து 4,000 ஆர்.பி.எம். வரைக்கும்.

எப்படி? ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்க. 4,000 ஆர்.பி.எம்.-ல் 172 என்றால் சுமார் 98 பி.எஸ். அதுவரை ரெண்டும் ஒண்ணுதான்! அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. 6,000 ஆர்.பி.எம்.-ல் வென்யூவுக்கு சுமார் 140 நியூட்டன் மீட்டர், நியாஸுக்கு 117. ஆக, அந்த 20 குதிரை 4,000-க்கு மேலே மட்டுமே வாழும். குன்றத்தூர் டிராஃபிக்கில் அதைப் பார்க்கவே முடியாது! 'எவ்ளோ பவர்?' என்று மட்டும் கேட்காதீங்க, 'எந்த ஆர்.பி.எம்.-ல?' என்றும் கேளுங்க.

கோயம்புத்தூர் ஸ்டைல்

பட்ஜெட் டர்போ காரை டியூன் பண்ணுவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சரிபாதி கூட்டு வைத்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்ற இரண்டு கார்களைக் கொண்டுவந்தார்கள். டியாகோவின் ஆரம்ப விலை 6.39 லட்சம் ரூபாய். சாதா டியாகோ பெட்ரோல் 85 பி.எஸ்.; இது 114 பி.எஸ்.!

நெக்ஸானில் இருந்த 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்தான் இதற்கும். நெக்ஸானில் அது 110 பி.எஸ்., 170 நியூட்டன் மீட்டர். ஜே.டி.பி.-யில் பவரை 4 ஏற்றினார்கள். டார்க்கை 150-ஆக இறக்கினார்கள். ஆமாங்க, இறக்கினார்கள்! கியர் விகிதத்தை மாற்றினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், காரை 4 மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். நூறு கி.மீ. வேகத்தை 10 நொடிக்குள் தொடும் என்று கம்பெனி சொன்னது. 2020-ல் இந்தக் கார்களின் கதை முடிந்துவிட்டாலும், அவை விட்டுப்போன பாடம் முடியவில்லை. நம்பரை ஏற்றுவது மட்டும் டியூனிங் இல்லை. எல்லாப் பாகமும் தாங்கும்படி பொருத்துவதுதான் டியூனிங்.

காசில்லாத டியூனிங்

பழைய டர்போ காரில் முதல் வேலை, கம்பெனி கொடுத்த பவரே முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது. டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் சின்ன விரிசல் இருந்தால்கூட அழுத்திய காற்று வெளியே ஓடிவிடும். லேசான அழுத்தத்தில் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அடைத்த ஏர் ஃபில்டர், காற்றுக் குறைந்த டயர், ஒட்டிப் பிடிக்கும் பிரேக்... எல்லாமே குதிரையைத் தின்னும் பேய்கள். டிக்கியில் கிடக்கும் வேண்டாத மூட்டைகளை இறக்குங்க. 1,100 கிலோ வண்டியில் 50 கிலோ குறைந்தால், வேகம் எடுப்பதில் நாலரை சதவிகிதம் பவர் கூடிய மாதிரி!

அதற்கு அப்புறம்தான் ரீமேப். நல்ல ரீமேப்பில் டர்போ அழுத்தம், எரிபொருள் அளவு, டார்க் வரம்பு எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்துவார்கள். டீசலுக்கு விற்கும் சில மலிவு பெட்டிகளின் வேலையே வேறு. சென்ஸருக்கும் ஈ.சி.யூ.-வுக்கும் நடுவில் உட்கார்ந்து, 'எரிபொருள் அழுத்தம் கம்மியா இருக்கு' என்று பொய் சொல்லும். அதை நம்பி ஈ.சி.யூ. அழுத்தத்தை ஏற்றும். காற்று அதே அளவு, டீசல் மட்டும் அதிகம் என்றால்? கரும்புகை, சூடு, டர்போவுக்கு ஆயுள் குறைவு. குறைந்த ஆர்.பி.எம்.-ல் டார்க்கை அளவுக்கு மீறி ஏற்றினால் முதலில் கை தூக்குவது கிளட்ச். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும் பாஸ்!

ரோலர் பொய் சொல்லுமா?

பவரை அளக்கும் மெஷின் டைனமோமீட்டர், செல்லமாக டைனோ. காரை ரோலர் மேல் நிறுத்தி, கட்டிவைத்து ஓட்டுவார்கள். சக்கரத்தில் வரும் பவரை அது காட்டும். கம்பெனி விளம்பரத்தில் சொல்வதோ இன்ஜினில் அளந்தது. நடுவில் கியர்பாக்ஸ், டயர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டுவிடும். அதனால் 110 பி.எஸ். கார் ரோலரில் 95 காட்டினால் அழ வேண்டாம்.

ஆனால், ரோலரை ஏமாற்றலாம். டயர் காற்று, கட்டும் பெல்ட்டின் இறுக்கம், கியர், முன்னால் வைக்கும் ஃபேன் என்று எது மாறினாலும் நம்பர் மாறும். சென்னை வெயிலும் விளையாடும். 25 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 5 சதவிகிதம் கம்மி. இதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் ஒரு பெருக்கல் போடும். டர்போ கார்கள் அந்தக் குறையைத் தாங்களே ஓரளவு ஈடுகட்டிவிடுவதால், பெருக்கல் சில சமயம் இல்லாத குதிரையையும் சேர்த்துவிடும்.

அதனால் தங்க விதி ஒன்றுதான். அதே ரோலர், அதே நாள், அதே டயர் காற்று, அதே கியர். டியூனிங்குக்கு முன்னால் மூன்று ஓட்டம், பின்னால் மூன்று ஓட்டம். மொத்த நம்பரை மறந்துடுங்க, வித்தியாசத்தைப் பாருங்க. 'முன்னாடி' ரிப்போர்ட் இல்லாமல் 'பின்னாடி' ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால், அது வெறும் பேப்பர்.

எடைமேடை இருக்க பயமேன்?

டைனோவுக்குக் காசில்லையா? லாரிகள் ஓடும் நம்ம ஏரியாவில் எடைமேடைக்கா பஞ்சம்! டிரைவரோடு சேர்த்துக் காரை எடை போடுங்க. 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். வைத்து, ஒரே கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் 60-ல் இருந்து 80 கி.மீ. போக எத்தனை நொடி என்று பாருங்க. ஸ்பீடோமீட்டரை நம்பாதீங்க, அது பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

3 நொடி ஆச்சா? வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 16.67 மற்றும் 22.22 மீட்டர். இரண்டின் வர்க்கங்களின் வித்தியாசம் 216. அதை எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் 1,18,800 ஜூல். 3 நொடியால் வகுத்தால் 39.6 கிலோவாட், அதாவது சுமார் 54 பி.எஸ். அடுத்து, நியூட்ரலில் விட்டு 80-ல் இருந்து 60-க்குத் தானாக இறங்க எத்தனை நொடி என்று பாருங்க. 20 நொடி என்றால், காற்றும் ரோடும் தின்றது 8 பி.எஸ். கூட்டினால் 62. அந்த வேகத்தில் உங்க சக்கரத்தின் சராசரி பவர் இதுதான். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் சோறு போடுமான்னு கேட்டீங்களே!

ஒரே ஒரு எச்சரிக்கை. 3 நொடிக்குப் பதில் 2.8 என்று தப்பாக அளந்தால் கிட்டத்தட்ட 4 குதிரை இலவசமாக வந்துவிடும். கண் சிமிட்டும் நேரம்தான் அது! அதனால் போகும் திசையில் ஐந்து தடவை, வரும் திசையில் ஐந்து தடவை ஓட்டி சராசரி எடுங்க. சக்கரமும் ஃப்ளைவீலும் சுற்றும் ஆற்றல் இந்தக் கணக்கில் வராது. உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். முன்னேயும் பின்னேயும் அதே குறை என்பதால் வித்தியாசத்தை நம்பலாம்.

இதை எங்கே செய்வது? அவுட்டர் ரிங் ரோட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இல்லை! அங்கே ஷிஃப்ட் முடிந்து உங்க நண்பனே டூவீலரில் வந்துகொண்டிருப்பான். 1990-ல் இருந்து இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. பொதுமக்கள் காருக்கு டிராக் டே நடக்கும் நாளில் ஹெல்மெட்டோடு போங்க.

சட்டமும் பார்த்துக்கிட்டேதான் இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி, விதியை மீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாரன்டியும் இன்ஷூரன்ஸும் கைவிட்டால் யாரிடம் போய் அழுவது?

குதிரையா, வேலையா?

இவ்வளவு சொல்லி ஆசையைக் கெடுக்கிறோமே என்று கோபப்படாதீங்க. அளக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஏரியாவில் வேறொரு கதவு திறக்கும். ஒரகடத்தில் இருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் நாள் முழுக்க நடப்பது இன்ஜினையும் வண்டியையும் சோதித்து அளக்கும் வேலைதான். கார் கம்பெனிகளில் ஈ.சி.யூ.-வுக்குள் நம்பர் எழுதுவதற்கென்றே 'கேலிப்ரேஷன் இன்ஜினீயர்' என்று தனி வேலை இருக்கிறது. டீக்கடையில் 'ரீமேப்' என்று நாம் பேசுவதைத்தான் அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, சட்டப்படி, புகை அளவையும் பார்த்துச் செய்கிறார்கள்.

இன்டர்வியூவில் 'என் காரில் 130 குதிரை' என்று சொன்னால் சிரிப்பார்கள். 'முன்னே 62, பின்னே 66. பத்து ஓட்டம் எடுத்தேன். இரண்டு குதிரை முன்னே பின்னே இருக்கலாம்' என்று ஒரு நோட்டை நீட்டிப் பாருங்க... நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

அடுத்த தடவை டீக்கடையில் யாராவது நம்பர் சொன்னால், நீங்க கேளுங்க மச்சி... ''யாரு அளந்தது?'' பதில் வரவில்லை என்றால், டீக்கு அவரையே காசு கொடுக்கச் சொல்லுங்க!