வாஷ் பேசின் குழாயை மறைக்கலாம், அடைத்துவிடலாமா?

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். கை கழுவப் போகிறார். வாஷ் பேசின் பளபளவென்று இருக்கிறது. ஆனால் அதன் கீழே?

துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று. பாம்பு போல வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று. மூட்டில் சுற்றிய பழைய துணி வேறு! வீட்டுக்கார அம்மாளுக்கு வெட்கமாக இருக்கிறது. "இதை எப்படியாவது மறைத்துவிட வேண்டும்" என்று நினைக்கிறார்.

மறைப்பதில் தவறு இல்லை. எப்படி மறைப்பது என்பதுதான் கேள்வி. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் குடியிருப்பவர்கள் இதை யோசித்துத்தான் செய்யவேண்டும்.

உப்புக் காற்றின் வேலை

ஏன் தெரியுமா? இங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது. காற்றோடு உப்பும் வீட்டுக்குள் வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் துரு வேகமாகப் பரவும்.

இரும்புக் குழாய்க்கு மேலே துத்தநாகப் பூச்சு உண்டு. அது தேயும் வரைதான் காவல். பிறகு துரு உள்ளே புகுந்துவிடும்.

இந்தக் குழாயைப் பலகை வைத்து நாலாபுறமும் அடைத்தால் என்ன ஆகும்? காற்று போகாது. ஈரம் காயாது. துருவுக்குக் கொண்டாட்டம்தான்! ஒழுகினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

சொட்டுச் சொட்டாக

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளில் சுமார் 4 லிட்டர் போய்விடும். நாலைந்து நாளில் ஒரு குடம்!

2019-ம் ஆண்டுக் கோடையை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டன. குடங்களோடு லாரிக்காகக் காத்து நின்றோம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-ல் தொடங்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் உள்ளது அது. கடல்நீரில் உப்பைப் பிரித்துக் குடிநீர் தயாரிக்கும் ஊரில், மறைப்புக்குப் பின்னால் தண்ணீர் வீணாகலாமா?

சொட்டும் தண்ணீரைப் பிடிக்கச் சிலர் கீழே டப்பா வைப்பார்கள். பிறகு அதை மறந்துவிடுவார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும்.

அந்த வளைவு எதற்கு?

பேசினுக்குக் கீழே குழாய் வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகாக இல்லை என்று அதை எடுத்துவிடாதீர்கள்! அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடையின் நாற்றம் மேலே வராமல் அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது.

லண்டனில் கடிகாரம் செய்து வந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், 1775-ல் வளைகுழாய் பொருத்திய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டு வாஷ் பேசினிலும் அதே யுக்திதான்!

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் குளியல் அறை நாறுகிறதா? வளைவில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

எப்படி மறைக்கலாம்?

செலவு குறைந்த வழி, துணித் திரை. பழைய நைலான் புடவையே போதும். பேசினுக்குக் கீழே கயிறு கட்டித் தொங்க விடுங்கள். தரைக்கு மேல் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். திரை நனையாது, காற்றும் போகும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், பி.வி.சி. தகட்டில் சிறு கதவு போடலாம். ஒட்டுப்பலகை ஈரத்தில் ஊதிவிடும். கதவின் மேலும் கீழும் காற்றுக்கு வழி விடுங்கள்.

பீங்கான் பீடமும் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது, பின்பக்கம் கை நுழைகிறதா என்று பாருங்கள்.

மறைக்காமலே அழகுபடுத்தவும் செய்யலாம். இரும்புக் குழாயை உப்புத்தாள் கொண்டு நன்றாகத் தேயுங்கள். ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு அடியுங்கள். அது காய்ந்ததும் சுவரின் நிறத்திலேயே எனாமல் பெயிண்ட் அடியுங்கள். குழாய் கண்ணை உறுத்தாது. துருவும் சீக்கிரம் அண்டாது.

சிமெண்டு பூசி, ஓடு ஒட்டி அடைப்பது மட்டும் வேண்டாம். ஒரு சிறு வாஷரை மாற்றவும் சுவரை உடைக்க நேரும். வாடகை வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

திரைக்குப் பின்னால் ஆசிட் பாட்டிலையும் வைக்காதீர்கள். அதன் ஆவி குழாயை அரிக்கும். தவழும் குழந்தையின் கைக்கும் அது எட்டிவிடும்.

வெள்ளிக்கிழமைச் சோதனை

வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது திரையை விலக்குங்கள். ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். இன்று ஒரு வாஷரோடு போகிற வேலை, நாளை குழாயையே மாற்றச் சொல்லும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒழுகும் குழாயும் அப்படித்தான். முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். பிறகு திரை போடுங்கள்!