தோஹாவில் கண்ட கால்பந்தாட்டம்

கடல் கடந்து சென்று உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தைக் கண்ணாரக் காண்போம் என்று நாம் கனவிலும் கருதியதில்லை. ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் அத்தகைய ஆசைக்கு இடமேது? எனினும் 2022ஆம் ஆண்டு நவம்பரில் அந்த வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கத்தார் நாட்டுத் தலைநகரான தோஹாவில் பத்தாண்டுகளாக மின்வேலை பார்த்து வந்த நம் மைத்துனர், தம் சேமிப்பிலிருந்து ஒரு சீட்டை வாங்கி வைத்துவிட்டு, "அத்தான், தட்டாமல் வந்துவிடுங்கள்" என்று வற்புறுத்தினார். இலாகாவின் அனுமதி பெற்று, மும்பையில் விமானம் ஏறிச் சுமார் நான்கு மணி நேரத்தில் தோஹா போய்ச் சேர்ந்தோம்.

வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில் நிகழும் இப்போட்டி, அந்நாட்டுக் கோடையின் கொடுமைக்கு அஞ்சி நவம்பர், டிசம்பருக்கு மாற்றப்பட்டிருந்தது. முப்பத்திரண்டு நாடுகள், எட்டு அரங்குகள். அவற்றுள் ஒன்று கப்பல்களில் சரக்கேற்றும் இரும்புப் பெட்டிகள் 974 கொண்டு அமைக்கப்பட்டது. அந்நாட்டுத் தொலைபேசிக் குறியீட்டு எண்ணும் அதுவே!

ரயில்வே ஊழியரின் கண் முதலில் ரயிலின் மீதுதானே செல்லும்? 2019ல் தொடங்கப்பெற்ற தோஹா மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது. வண்டி தானே வருகிறது, தானே நிற்கிறது, தானே புறப்படுகிறது. போட்டி காண வந்தோர்க்குக் கட்டணமும் இல்லை. நமது மும்பைப் புறநகர் வண்டியின் நெரிசலை எண்ணிப் பெருமூச்செறிந்தோம்.

நாம் கண்டது நவம்பர் 23 அன்று கலீஃபா அரங்கில் நடந்த ஜெர்மனி–ஜப்பான் ஆட்டம். நான்கு முறை கோப்பை வென்ற நாடு ஜெர்மனி. படமெடுக்க நின்றபோது அதன் ஆட்டக்காரர் அனைவரும் தத்தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டனர். பாகுபாட்டை எதிர்க்கும் பல நிறப் பட்டையைத் தலைவர் கையில் அணியவிடாது தடுத்தமைக்கு அது கண்டனம் என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று.

மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. 33ஆம் நிமிடத்தில் பெனால்டி வாயிலாக இல்காய் குண்டோகன் ஜெர்மனிக்கு ஒரு கோல் போட்டார். ஜப்பான் அவ்வளவுதான் என்று எண்ணினோம். ஆனால் இடைவேளைக்குப் பின் பயிற்றுநர் மொரியாசு ஆட்டமுறையை மாற்றி, புதிய ஆட்களை ஒருவர் பின் ஒருவராக இறக்கினார். 75ஆம் நிமிடத்தில் ரிட்சு டோவான், 83ஆம் நிமிடத்தில் தகுமா அசானோ! இருவருமே மாற்றாட்டக்காரராக நுழைந்தவர்கள். இரண்டுக்கு ஒன்று என்று ஜப்பான் வென்றது. நம் நாடு ஆடவில்லை. ஆயினும் ஆசிய நாடு வென்றதில் நாமும் எழுந்து நின்று ஆரவாரித்தோம்.

அன்பர்களே, இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டோவானும் அசானோவும் அப்பொழுது ஜெர்மானியக் கிளப்புகளில் ஆடிப் பிழைத்தவர்கள். குண்டோகனோ துருக்கியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் ஜெர்மனியில் பிறந்தவர். அன்று விழுந்த மூன்று கோல்களும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்றோர் வழி வந்தவையே! பிழைக்கும் ஊருக்கு உழைப்பதும் பிறந்த ஊரை மறவாதிருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆட்டம் முடிந்தது. ஜப்பானிய ரசிகர்கள் வெற்றிக் களிப்பிலேயே நீல நிறப் பைகளை எடுத்து, இருக்கைகளின் கீழ்க் கிடந்த குப்பைகளைப் பொறுக்கலாயினர். நாம் போட்ட தண்ணீர்ப் புட்டியை முதியவர் ஒருவர் குனிந்து எடுத்தபோது வெட்கம் நம்மைப் பிடுங்கித் தின்றது. விரைந்து குனிந்து நாமும் காகிதங்களைப் பொறுக்கி அவர் பையில் இட்டோம். அவர் தலை தாழ்த்தி வணங்கினார்.

வெளியே வந்தோம். அன்று விடுப்புக் கிடைக்காத மைத்துனர், வேலை முடிந்து நமக்காகக் காத்திருந்தார். அந்த அரங்கைப் புதுப்பித்த காலத்தில் விளக்குகளுக்குக் கம்பி இழுத்தவர்களுள் அவரும் ஒருவர். யார் வென்றார் என்று அவர் முதலில் கேட்கவில்லை. "விளக்கெல்லாம் எப்படி இருந்தது, அத்தான்?" என்று கேட்டார். திகைத்துப் போனோம். பந்தையே பார்த்திருந்த நாம் விளக்குகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை! "பொழுது சாய்ந்ததே தெரியவில்லை, தம்பி. பட்டப்பகல் போல் இருந்தது" என்றோம். அது உண்மையுங்கூட. அவர் முகம் மலர்ந்தது.

அவ்வரங்குகளை எழுப்பியோருள் இந்தியரும் நேபாளியரும் வங்கதேசத்தாரும் மிகப் பலர். கோடை வெயிலில் உழைத்து அங்கேயே உயிர் நீத்தோரும் உளர். முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமை 2020ல்தான் வந்தது. மாதம் 1000 ரியால் குறைந்த அளவு ஊதியம் என்ற சட்டம் 2021ல்தான் நடைமுறைக்கு வந்தது. கோல் போட்டவர் பெயரை உலகம் அறியும். விளக்கேற்றியவர் பெயரை நாமாவது மறவாதிருப்போமாக!