படகு ஓடினால்தான் உரிமை நிற்கும்

சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் உரிமை ஒன்று. ஜனங்கள் கையாண்டு வரும் உரிமை வேறொன்று. முன்னதை ஒழிப்பதற்குச் சர்க்கார் எந்தப் பிரயாசையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையாளுவோர் இல்லாவிட்டால் அது தானாகவே துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அரசியல் மேடைகளில் பல முறை கேட்ட இந்த உண்மையை, இங்கிலாந்தில் சொந்த மோட்டார்ப் படகில் கால்வாய் வழியே உல்லாசமாகச் செல்லுவோரின் சரித்திரமும் உரைக்கிறது என்றால் நேயர்கள் சற்று வியப்படையக் கூடும். அச்சரித்திரம் நமக்கும் பயன்படத் தக்கது.

இங்கிலாந்தில் கால்வாய் யுகம் 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயுடன் தொடங்கியது. நிலக்கரியும் இரும்பும் களிமண்ணும் குதிரை இழுத்துச் சென்ற படகுகளில் ஊர் ஊராகப் போயின. மேடும் பள்ளமுமான தேசத்தில் படகு எப்படி மலையேறும்? அதற்காக ஏற்பட்டவையே ‘லாக்’ எனப்படும் கதவுத் தொட்டிகள். படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடப்படும். மேல்கதவிலுள்ள சிறு அடைப்புப் பலகையைக் கைப்பிடியால் சுழற்றித் தூக்கினால், மேற்பகுதித் தண்ணீர் உள்ளே பாய்ந்து படகை உயர்த்தும். இரு புறமும் நீர்மட்டம் சமமானவுடன், கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் கதவு திறந்து கொள்ளும். யந்திரமோ மின்சாரமோ வேண்டாம்; தண்ணீரின் கனமும் மனிதனின் தோளும் போதும். ஏழடி அகலமும் எழுபத்திரண்டு அடி நீளமும் உள்ள ஒரு தொட்டி, ஏழடி உயரம் ஏறுவதற்கு இருபதினாயிரம் காலனுக்கு மேல் தண்ணீரைச் செலவிடுகிறது. டிவைஸஸ் நகரில் ஒரே ஏற்றத்தில் 29 லாக்குகள் உண்டு.

பின்னர் ரெயில் வந்தது. ரெயில்வே கம்பெனிகள் பல கால்வாய்களை விலைக்கு வாங்கின. வாங்கியவற்றை வளர்க்க வேண்டுமென்ற எண்ணம் அவற்றுக்கு இல்லை. போட்டிக்காரனை வாங்கித் தூங்க வைப்பது வியாபார தந்திரம். கால்வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்று பார்லிமெண்டுச் சட்டம் விதித்திருந்ததால், பகிரங்கமாக மூடுவது எளிதல்ல. ஆகவே தூர் வாராமலும், கதவுகளைப் பழுது பாராமலும் விட்டு வைத்தார்கள். படகு வரவில்லை, படகு வராததால் கால்வாய் வேண்டாம் என்றார்கள். அநீதி தன்னையே சாட்சியாக நிறுத்திக் கொள்ளும் விதம் இதுதான்.

இந்த நிலைமையில் 1946-ல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் முக்கியமானவர்கள் எழுத்தாளர்களான டாம் ரோல்ட்டும் ராபர்ட் ஏய்க்மனுமாவர். ரோல்ட், ‘க்ரெஸ்ஸி’ என்னும் மோட்டார் பொருத்திய பழைய சரக்குப் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர். பர்மிங்ஹாமுக்கு அருகே ஸ்ட்ராட்போர்டு கால்வாயின் மேல் முன்பிருந்த திறக்கும் பாலத்தை மாற்றி, ரெயில்வே கம்பெனி தாழ்வான நிலைப் பாலம் ஒன்றை வைத்திருந்தது. அதன் கீழே படகு நுழையாது, வழி அடைபட்டது. இது குறித்துப் பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்தது. படகு வருவதாக முன்னறிவிப்புக் கொடுத்தால் பாலத்தை எப்போது வேண்டுமானாலும் உயர்த்தித் தருவார்கள் என்று சர்க்கார் தரப்பில் பதில் வந்தது.

அப்பதிலைக் கேட்டுத் திருப்தியடைந்து வீடு திரும்பியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ரோல்ட் அவ்வாறு செய்யவில்லை. 1947 மே மாதத்தில், ‘நான் வருகிறேன்; வழி விடுங்கள்’ என்று முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் ‘க்ரெஸ்ஸி’யைச் செலுத்திக் கொண்டு போனார். கம்பெனியின் ஆட்கள் வந்து பாலத்தை நெம்பித் தூக்கி வழிவிட நேர்ந்தது. ஒரு படகு பாலத்தடியில் உராய்ந்து சென்றதனால் தேசத்தின் செல்வம் பெருகிவிடவில்லை. ஆனால் செத்ததென்று கருதப்பட்ட உரிமை உயிருடன் இருப்பது அன்று ருசுவாயிற்று. சட்டத்தை மீறாமல், சட்டத்தின்படியே நடக்குமாறு அதிகாரத்தை வற்புறுத்துவதும் ஒருவகைப் போராட்டமே.

அதே கால்வாயின் தென்பகுதிக்கு 1958-ல் ஆபத்து வந்தது. பதின்மூன்று மைல் நீளமும் 36 லாக்குகளும் கொண்ட அப்பகுதியைக் கைவிட அநுமதி வேண்டுமென்று ஜில்லா நிர்வாகம் கோரியது. மூன்று வருஷ காலமாக எந்தப் படகும் போகவில்லை என்பதே அதன் வாதம். அப்போது வெளிவந்தது ஒரு துண்டுச் சீட்டு. அம்மூன்று வருஷத்துக்குள் யாரோ ஒரு சிறு தோணியில் அவ்வழியே செல்வதற்காகச் சுங்கம் கட்டிப் பெற்ற சீட்டு அது. நிர்வாகத்தின் வாதம் சரிந்தது. 1959-ல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பொழுதுபோக்குக்காகத் துடுப்புப் பிடித்த கை, தான் அறியாமலே ஒரு கால்வாயைக் காப்பாற்றிற்று!

சீட்டு உரிமையைக் காத்தது, சேற்றை அள்ளவில்லை. அதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. டேவிட் ஹட்சிங்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் தலைமையில் தொண்டர்களும் ராணுவ வீரர்களும் சிறைக் கைதிகளும் தூர் வாரினார்கள், கதவுகளைப் புதுப்பித்தார்கள். 1964 ஜூலையில் கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டது. 1968-ம் வருஷச் சட்டம், உல்லாசப் படகுகளுக்குரிய நீர்வழிகள் என்று ஒரு தனி இனத்தையே ஒப்புக் கொண்டது. டிவைஸஸ் ஏற்றமுள்ள கென்னட்-ஏவன் கால்வாய் 1990-ல் மீண்டும் திறந்தது. இன்று முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள், மணிக்கு நான்கு மைல் என்ற வேக வரம்புக்குள், அந்தப் பழைய லாக்குகளில் ஏறி இறங்குகின்றன.

இவ்வியக்கத்திலும் பிளவு இல்லாமலில்லை. எல்லாக் கால்வாய்களையும் காக்க வேண்டுமா, சிலவற்றை மட்டுமா என்ற தர்க்கம் முற்றி, ரோல்ட் 1951-ல் தாம் நிறுவிய சங்கத்திலிருந்தே விலக்கப்பட்டார். வெற்றியும் நிரந்தரமன்று. 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றைத் தரும ஸ்தாபனம் ஒன்று நிர்வகிக்கிறது. அதற்குத் தரும் மான்யம் 2027-லிருந்து படிப்படியாகக் குறையும் என்று சர்க்கார் 2023-ல் அறிவித்தது. ஒரு முறை பெற்ற உரிமையை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் பெற வேண்டியிருக்கிறது.

இனி நம் வாசலைப் பார்ப்போம். சென்னையின் நடுவே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் லாக்குகள் இருந்தன. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கி, வடக்கே ஆந்திரத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரையில் நீண்ட வழி அது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த ஏழைகள். கால்வாய்க்குச் சூட்டியதோ கவர்னரின் பெயர்! விறகும் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகள் அதில் ஓடின. 1965, 1966-ம் வருஷப் புயல்கள் அதைச் சிதைத்தன. நகரம் தன் சாக்கடையை அதில் கலந்தது. பறக்கும் ரெயிலின் தூண்கள் அதன் வயிற்றிலேயே ஊன்றப்பட்டன. 2008-ல் அதைத் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாகப் பிரகடனம் செய்தார்கள். காகிதத்தில் நீர்வழி, கண்ணுக்கு முன் கழிவு வழி.

இங்கிலாந்தில் சேறும் பூட்டும்தான் தடை. இங்கே கான்கிரீட்டும் கழிவும் தடையாக நிற்கின்றன. ஆகவே நாளைக்கே மயிலாப்பூரில் மோட்டார்ப் படகு விடலாம் என்று சொல்லுவது பரிகாசமாகும். ஆயினும், தூணை நாட்டியபோதும் சாக்கடையைத் திருப்பியபோதும், ‘இது எங்கள் வழி, நாங்கள் போகிறோம்’ என்று சொல்ல ஒரு படகோட்டியாவது வந்து நின்றிருந்தால், அதிகாரிகள் சற்றுத் தயங்கியிருக்க மாட்டார்களா? நகருக்கு வெளியே நீர் நிற்கும் பகுதிகள் இன்னும் உண்டு. அங்கே படகு ஓடட்டும். இனி எழும் ஒவ்வொரு பாலத்திலும் படகுக்குரிய உயரத்தை ஊரார் கேட்கட்டும். நீர்வழி என்று சட்டம் சொன்ன சொல்லைப் பிடித்துக் கொண்டு, தூர் வாருங்கள் என்று நச்சரிக்கட்டும்.

பஞ்சத்தில் மண் சுமந்தவர்கள் நமக்கு ஒரு வழியை விட்டுச் சென்றார்கள். அதில் நடமாட்டம் இருக்கும்வரைதான் அது வழி. நடமாட்டம் நின்றால் அது வெறும் பள்ளம். பள்ளத்தை மூடுவதற்கு எந்தச் சர்க்காருக்கும் மண்வெட்டி கிடைக்கும்.